வாழையடிச் சாடி

சாடி இருந்த இடத்தில் குழிதான் இருந்தது!

றஹ்மா வாழையடியில் அப்படியே குந்திவிட்டாள். கையில் கொண்டுவந்த மண்வெட்டிக்கு வேலையே இல்லை. யாரோ முந்திக்கொண்டு வந்து, ஈர மண்ணை நாலாபக்கமும் வாரி எறிந்து, பதினான்கு மாதமாக அவள் பொத்திப் பொத்திக் காத்த சாடியைத் தூக்கிவிட்டார்கள். அதுவும் இன்றைக்கா... வேறு நாளே கிடைக்கவில்லையா! உட்துறைமுக வீதியில் அவளுடைய சூப்புக் கடை இன்றைக்குத்தான் திறக்கிறது. புருஷன் அபூதாஹிர் விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு போய் அடுப்பை மூட்டிவிட்டான். மாட்டெலும்பு கொதித்துக்கொண்டிருக்கும். சனத்தை ஏற்றிவரும் மூதூர் லோஞ்ச் கரைக்கு வர இன்னும் ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

"தேடுறியா? தேடு புள்ள, நல்லாத் தேடு!"

குசினி வாசலில் பல்கீஸ் நின்றாள். அபூதாஹிருக்கு மூத்தவள், அவனுடைய ராத்தா, இந்த வீட்டுக்காரி. சேலையை இடுப்பில் இழுத்துச் செருகி, முழங்கை வரைக்கும் மண்ணோடு நின்றாள். கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் சாடி இருந்தது. அதைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். ஆனால் பத்தடிக்குக் கிட்ட ஒருத்தியும் போகவில்லை.

"மதினி... அத ஏன் தோண்டினீங்க?"

"கேக்கிறாளே, கேட்டீங்களா! என்ட வளவுக்குள்ள, என்ட வாழைக்குக் கீழ சூனியம் தாட்டு வெச்சிட்டு, ஏன் தோண்டினீங்க எண்டு என்னயே கேக்கிறாள்!"

சூனியம்! றஹ்மா மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"அல்லாஹ்வே! அது மீன், மதினி. நெத்தலியும் உப்பும்! எங்கட ஊர்ல சூப்புக்கு ஊத்துற மீன்தண்ணி!"

"மீனக் கறியாக்குவாங்க, கருவாடு போடுவாங்க. மண்ணுக்குள்ள தாட்டு வெக்கிற மனிசர எங்கயாச்சும் கண்டிருக்கீங்களா? அந்தத் துணியில இருக்கிற எழுத்தப் பாருங்களன்! ஆருக்காவது வாசிக்க ஏலுமா?"

யாருக்கும் ஏலவில்லைதான். மீன் போட்ட தேதியை றஹ்மா சாடியின் வாய்த்துணியில் தன் ஊர் எழுத்தில் மையால் எழுதியிருந்தாள். பார்த்தால் இங்கிலீஷ் போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. எழுத்துக்கு மேலும் கீழும் புள்ளியும் கொக்கியும் கோடுமாய்க் கிடந்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள்!

றஹ்மாவின் பக்கமும் ஒரு பிழை இருந்தது. அதை மறைப்பானேன்? சைகோனில் காரைக்கால் முதலாளியின் புடவைக் கடையில் நின்ற அபூதாஹிரைக் கட்டி, எழுபத்தைந்தில் அவனோடு திருகோணமலைக்கு வந்து இறங்கிய புதிதில், குசினி மூலையில் இப்படி ஒரு சாடி வைத்தாள். அந்த மணத்தில் பல்கீஸுக்கு ஒற்றைத் தலையிடி பிடித்து மூன்று நாள் பாயோடு கிடந்தாள். றஹ்மாவே சாடியைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டினாள். "இனி வெக்க மாட்டன் மதினி" என்று வாக்கும் கொடுத்தாள். பிறகு கடை போடும் யோசனை வந்தது. அந்தத் தண்ணீர் இல்லாமல் அந்த சூப்பு இல்லை. கேட்டால் மதினி மனம் நோவாள், கேட்காமல் வைத்தால் தலை நோவாள். ஆகவே மணம் துளியும் வெளியே வராமல் ஆழத் தோண்டிப் புதைத்துவிட்டாள்.

"மூண்டு சம்பந்தம்!" பல்கீஸ் மாரில் அடித்துக்கொண்டாள். "என்ட மகள் நிஸாக்கு மூண்டு சம்பந்தம் பேசி முடியிற நேரத்தில முறிஞ்சு போச்சு. ஓதிப் பாக்கிறவர் சொன்னவர், உங்கட வளவுக்குள்ள ஒண்டு தாட்டுக் கிடக்கு எண்டு. நான் நம்பல்லகா! எங்கட வீட்டுக்குள்ள ஆர் அப்படிச் செய்யப்போறா எண்டு அவரோட சண்டை புடிச்சிட்டு வந்தனான். மனசு கேக்காம இண்டைக்குத் தோண்டிப் பாத்தா, இந்தா இருக்கு! இவள் எனக்கு ஆர்? என்ட தம்பிட பொண்டாட்டி! என்ட கையால சோறு போட்டனே..." குரல் உடைந்தது. "நாளைக்குக் கிண்ணியாவால மாப்பிள்ளை பாயிஸ்ட வீட்டாக்கள் பொண்ணு பாக்க வாறாங்க. நாலாவது! இதுவும் முறியணுமா? சொல்லுடி, இதுவும் முறியணுமா?"

றஹ்மா சாடியைப் பார்த்தாள், சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள்.

சம்பந்தங்கள் ஏன் முறிந்தன என்று அவளுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். உம்மா மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். பல்கீஸுக்கு அவள் உம்மா கொடுத்த இந்த வீடு நாளைக்கு நிஸாவுக்கு. றஹ்மாவுக்கு வீடு கொடுக்க இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? வீடில்லாத பெண்ணைக் கட்டியவன் தன் ராத்தாவின் வீட்டில் வந்து ஒதுங்கினான். வீட்டில் இருப்பதோ இரண்டு அறை! மூன்றாவது சம்பந்தம் முறிந்த அன்று தரகர் அப்துல் மஜீத் படலையில் நின்று பல்கீஸிடம் மெல்லச் சொன்னதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற றஹ்மா கேட்டாள். "பொண்ணுல குறையில்ல, வீட்டிலயும் குறையில்ல. ஆனா மாப்பிள்ளய எங்க படுக்க வெப்பீங்க?" பல்கீஸ் அதைத் தம்பியிடம் சொல்லவே இல்லை.

அதற்காகத்தான் இந்தக் கடை! கடைக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. ஒரு வாரமாகக் கடைச் சாமானோடு சாமானாகத் தங்கள் பெட்டியையும் பாயையும் அங்கே நகர்த்திவிட்டார்கள். கடை திறந்த பிறகு ஆறுதலாகச் சொல்லலாம், இப்போதே சொன்னால் மதினி அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி விடமாட்டாள் என்பது புருஷன் பெண்சாதியின் கணக்கு.

இப்போது, இத்தனை பேருக்கு முன்னால் அதைப் போட்டு உடைப்பதா? 'பல்கீஸ் சொந்தத் தம்பியை வீட்டை விட்டு எழுப்பிவிட்டாள்' என்று பொழுது சாய்வதற்குள் ஊர் கதைக்கும். சூனியக்காரி என்று தனக்கு வரும் பெயரை விட அது மோசம் என்று அவளுக்குப் பட்டது. பொங்கி வந்த கண்ணீரை முக்காட்டால் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"வாய் அடைச்சுப் போச்சு, பாத்தீங்களா! முஹம்மது தம்பி, ஏத்து இத வண்டியில! இந்தச் சாதிச் சாமான நிலத்தில திறக்கக்கூடாது. கடல்ல கொண்டுபோய்த் தாட்டிட்டு வா!"

பக்கத்து வளவு முஹம்மது தம்பி துறைமுகத்தில் தள்ளுவண்டி தள்ளுகிறவன். ஆள் பனைமரம் மாதிரி, மனசு கோழிக்குஞ்சு. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டு, சாடியை அலாக்காகத் தூக்கி வண்டியில் வைத்தான். வைத்ததும் எடுத்தான் ஓட்டம்!

"வேணாம் முஹம்மது காக்கா! நில்லுங்கோ!"

றஹ்மாவும் ஓடினாள். நாலு வருஷமாக இந்த ஒழுங்கையில் தலை நிமிர்ந்து நடந்தறியாத றஹ்மா! முக்காடு சரிந்தது, செருப்பு ஒன்று சாக்கடையோடு போனது. பின்னால் பல்கீஸ், பல்கீஸுக்குப் பின்னால், "உம்மா! என்ன உம்மா இது! மாமிய விடுங்க!" என்று கத்தியபடி நஜ்முன் நிஸா, அவளுக்குப் பின்னால் பெண்கள் கூட்டம். சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் கோப்பையோடு வெளியே வந்தார்கள். துறைமுகத்தில் ஏதோ கப்பல் வந்துவிட்டதாக்கும் என்று இன்னும் நாலு பேர் காரணம் தெரியாமலே கூட ஓடினார்கள்.

இறங்குதுறை வந்துவிட்டது. முஹம்மது தம்பி வண்டியைத் தண்ணீர் ஓரத்துக்குத் தள்ளி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சாடியில் கை வைத்தான்.

"எடேய்! கை வெச்சியெண்டால் தெரியும்!"

மீன் கடகத்தைத் தொப்பென்று இறக்கி வைத்துவிட்டு வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றவள் சல்லி இரத்தினேஸ்வரி. விடியக் காலையில் சல்லியிலிருந்து மீன் கொண்டுவந்து பட்டணத்தில் விற்கிறவள். அவள் சத்தம் போட்டால் கோணேசர் மலைக்குக் கேட்கும்.

"கிட்ட வராதீங்க அக்கா, சூனியம்!"

"என்ன சூனியம்? அது என்ட நெத்தலியடா! போன வருசம் எங்கட அம்மன் கோயில் திருவிழா முடிஞ்ச மற்ற நாள், இந்தத் தலையில ரெண்டு கடகம் சுமந்து கொண்டுவந்து குடுத்தனான். ஒரு படுக்கை உப்பு, ஒரு படுக்கை மீன் எண்டு இவளோட இருந்து அடுக்கினதே நான்தானே!"

சொல்லிக்கொண்டே துணியை அவிழ்த்தாள். ஐயோ, அந்த மணம்! கூட்டம் ஒரேயடியாய் மூக்கைப் பொத்தியது. முஹம்மது தம்பி சாகப்போகிறவன் போலக் கலிமாவே சொல்லிவிட்டான். இரத்தினேஸ்வரி உள்ளே விரலை விட்டாள். தேன் நிறத்தில் வடிந்ததை நாக்கில் வைத்தாள். எல்லாரும் அவள் விழுவாள் என்று காத்திருந்தார்கள். அவள் நாக்கைச் சப்புக் கொட்டிக்கொண்டு இரண்டாம் தடவையும் விரலை விட்டாள்!

"நீயும் இவளோட கூட்டு!" பல்கீஸ் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். "நான் நம்ப மாட்டன். என்ட புள்ளட வாழ்க்கை இது, நான் நம்பவே மாட்டன்!"

றஹ்மா நிமிர்ந்தாள். ஒழுங்கையில் அழுத றஹ்மா இல்லை இது.

"நம்ப வேணாம் மதினி. வாங்கோ. கடை இந்தா இருக்கு. எல்லாரும் வாங்கோ! இந்தத் தண்ணிய ஊத்தி, உங்கட கண்ணுக்கு முன்னால நான் குடிக்கிறன். எனக்கு ஒண்டும் நடக்காட்டி மட்டும் நீங்க குடிங்கோ!"

அந்த நேரம் பார்த்து மூதூர் லோஞ்ச் கூவிக்கொண்டு கரையில் அணைந்தது. பசியோடு இறங்கிய சனமும் இந்தச் சனத்தோடு சேர்ந்துகொண்டது. ஆள் வருமோ வராதோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அபூதாஹிருக்கு, வீதியை அடைத்துக்கொண்டு வந்த கூட்டத்தையும் அதற்கு முன்னால் தலைவிரி கோலமாய் வந்த பெண்சாதியையும் கண்டதும் கையிலிருந்த அகப்பை விழுந்துவிட்டது.

"என்ன... என்னத்துக்கு இவ்வளவு பேர்?"

"பிறகு சொல்றன். கோப்பைய எடுங்க!"

நாலு மேசை, பதினாறு கதிரை. அடுப்பில் இரண்டு பானை. பெரியதில் மாட்டெலும்பு, சின்னதில் மாடு சாப்பிடாத சல்லிச் சனத்துக்கென்று தனியாக மீன். சுட்ட இஞ்சியும் கறுவாவும் அன்னாசிப்பூவும் வெந்த ஆவி கடை முழுக்க நின்றது. றஹ்மாவின் கை பறந்தது. அரிசிமாவை ஆவியில் துணிபோல் அவித்து நாடாவாக அரிந்து வைத்திருந்ததை ஒரு பிடி அள்ளிக் கோப்பையில் போட்டாள். மேலே கடதாசி போல் சீவிய இறைச்சி. அதன்மேல் கொதிக்கக் கொதிக்க சூப்பை ஊற்றியதும் சிவந்திருந்த இறைச்சி கண் முன்னாலேயே நிறம் மாறியது. வெங்காயத்தாள், புதினா, முளைப்பயறு, பச்சைக் கொச்சிக்காய், அரைத் தேசிக்காய். கடைசியாக, இரத்தினேஸ்வரி வண்டியிலிருந்து இறக்கி வைத்த சாடியிலிருந்து ஒரு கரண்டி.

நாற்றம் எங்கே போனது? நாறிய அந்தத் தண்ணீர் சூப்புக்குள் விழுந்ததும் கடையே மணத்தது!

"பிஸ்மில்லாஹ்" என்று றஹ்மா இரண்டு கையாலும் கோப்பையைத் தூக்கிக் குடித்தாள். நாலு வருஷம் கழித்து அந்தச் சுவை தொண்டைக்குள் இறங்கியது. கண்ணில் நீர் வழிந்தது.

"அழுறாள், என்னமோ நடக்குது!" என்றது ஒரு குரல்.

"ஒண்டும் நடக்கல்ல" என்று நஜ்முன் நிஸா பாய்ந்து வந்து கோப்பையைப் பறித்தாள்.

"வேணாம்டி! என்ட புள்ள, வேணாம்டி!"

நிஸா குடித்தாள். நாடாவைக் கையாலேயே வழித்து வாயில் போட்டாள். மூக்குச் சிவந்து கண் கலங்கி நிமிர்ந்தாள்.

"உம்மா! இத நீங்க குடிச்சுப் பாக்கணும் உம்மா! சத்தியமா!"

அவ்வளவுதான்! "எனக்கொண்டு" "இஞ்ச ரெண்டு" என்று கடை கலகலத்துவிட்டது. கதிரை கிடைக்காதவர்கள் நின்றபடி உறிஞ்சினார்கள். லோஞ்சில் வந்த ஒரு பெரியவர், "இது இடியப்பத்துக்குத் தங்கச்சி" என்று தீர்ப்புச் சொன்னார். "சம்பல் இல்லயா?" என்று ஒருவன் கேட்டான். முஹம்மது தம்பி மூலையில் மறுபக்கம் திரும்பி நின்று இரண்டாவது கோப்பையை முடித்துக்கொண்டிருந்தான்.

பல்கீஸ் மட்டும் அசையவில்லை. அவள் கண் கடை முழுக்க மேய்ந்து, பின்னால் தொங்கிய திரைச்சீலையில் நின்றது.

"அங்க என்ன? இன்னும் என்னத்த ஒளிச்சு வெச்சிருக்காய்?"

"மதினி, அதுக்குள்ள போகாதீங்க!"

அப்படிச் சொன்னது பிசகாய்ப் போயிற்று. பல்கீஸ் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். றஹ்மாவும் அபூதாஹிரும் பின்னால் ஓடினார்கள்.

உள்ளே சாடி ஒன்றும் இல்லை. சுவரோரம் றஹ்மாவின் தகரப் பெட்டி இருந்தது. கொடியில் அபூதாஹிரின் சாரம் இரண்டு. சுருட்டிய பாய், மடித்த தொழுகை முசல்லா. பெட்டிக்கு மேல் ஒரு கைலேஞ்சி முடிச்சு. பல்கீஸ் அதை வெடுக்கென்று அவிழ்த்தாள். உள்ளே ஒரு சாவி!

"இது... என்ட வீட்டு அறைட திறப்பு."

அபூதாஹிர் திரையை இழுத்து மூடினான்.

"தம்பி... நீ போறியா? என்ன விட்டுட்டு வேற இடத்துக்குப் போறியா?"

"நாளைக்கு அவங்க வரக்கொள்ள அறை காலியா இருக்கணும், ராத்தா" அபூதாஹிர் தலையைக் குனிந்துகொண்டான். "தரகர் படலையில சொன்னத இவள் கேட்டவள். ஒண்டரை வருசமா இவள்தான் சொல்லிட்டு இருந்தவள், நாங்க ஒதுங்கினாத்தான் நிஸா வாழுவாள் எண்டு. உங்களுக்குப் பின்னேரம் சொல்லுவம் எண்டிருந்தம்."

"அப்ப... காலையில நான் அவ்வளவு பேசினனே! இத ஏன்டி நீ சொல்லல்ல?"

"சனத்துக்கு முன்னால எப்படி மதினி? தம்பிய எழுப்பிட்டா எண்டு உங்களயெல்லோ சொல்லுவாங்க..."

பல்கீஸ் பெட்டியின் மேல் இருந்துவிட்டாள். மண் காய்ந்த கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பினாள்.

"எனக்கு விளங்காமலா இருந்த? மூண்டு தரமும் விளங்கின! ஒரு அறை இருந்தா என்ட மகளுக்குக் கலியாணம் எண்டு எனக்குத் தெரியும். ஆனா கடல் கடந்து ஒண்டுமில்லாம வந்த தம்பிய எழும்பிப் போ எண்டு சொல்ல எனக்கு வாய் வருமா? நாலு வருசமா சொல்லாம விழுங்கினனான். சூனியம் எண்டு ஒருத்தன் சொன்னதும்... அதுதான் காரணமா இருக்கட்டும் எண்டு என்ட மனசு புடிச்சிட்டு புள்ள. உன்ன எழுப்ப ஏலாம, அந்தச் சாடியப் புடிச்சிட்டன்... அல்லாஹ்வே, உன்னப் போய் என்னவெல்லாம் சொன்னனான்!"

"மதினி!" றஹ்மா பாய்ந்து அவள் மடியில் விழுந்தாள். "நானும் வாக்குக் குடுத்திட்டு ஒளிச்சு வெச்சனான். நான் செய்ததும் பிழைதான் மதினி!" இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் வெளியே உறிஞ்சிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு நிமிஷம் உறிஞ்சுவதை நிறுத்தினார்கள். அபூதாஹிர் கண்ணைத் துடைக்க வழியில்லாமல் கொடியில் கிடந்த சாரத்தை இழுத்தான்.

முதலில் எழும்பியவள் பல்கீஸ்தான். மூக்கைச் சிந்தினாள். முக்காட்டைச் சரிசெய்தாள்.

"சரி. போறதெண்டால் போங்க, நான் மறிக்கல்ல. ஆனா பெட்டியக் களவாத் தூக்கிட்டு வந்து மூலையில வெக்கிறதுக்கு நீ என்ன அநாதையா? பொண்ணுக்கு வீடு குடுக்கிறது உம்மா வீட்டுக் கடமை. உன்ட உம்மா இஞ்ச இல்ல. நான் இருக்கன்! இண்டைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நான்தான் வந்து பாய் விரிச்சு, பால் காச்சி, உன்னக் குடிவெப்பன். ஊரே பாக்கட்டும்!"

பிறகு வெளியே வந்தாள். நடு மேசையில் இருந்த இருவரை ஒரு பார்வையால் எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒரு கோப்பை."

றஹ்மா தளும்பத் தளும்பக் கொண்டுவந்து வைத்தாள். பல்கீஸ் முதல் வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். கடை அவள் வாயையே பார்த்தது.

"தேசிக்காய் இன்னும் கொஞ்சம் பிழி" என்றாள் பல்கீஸ். சொல்லிவிட்டுக் குனிந்தவள், கோப்பையின் அடியில் வரைந்திருந்த பூ தெரியும் வரைக்கும் நிமிரவில்லை.

"பாயிஸ்ட வீட்டாக்கள நாளைக்கு இஞ்சதான் கூட்டிட்டு வருவன்" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. "இரத்தினேஸ்வரி! நாளையிண்டைக்கு ரெண்டு கடகம் நெத்தலி என்ட வீட்டுக்குக் கொண்டா."

வாசலில் தன் மீன் சூப்பை ஊதிக் குடித்துக்கொண்டிருந்த இரத்தினேஸ்வரி நிமிர்ந்தாள். "ரெண்டு கடகமா? என்னத்துக்கு ராத்தா?"

"என்னத்துக்கோ! தோண்டின குழி வாயப் பிளந்துட்டுக் கிடக்கு. அப்படியே விட்டா வாழை சாஞ்சிரும்."

"உங்களுக்குத் தலையிடி வருமே மதினி!" றஹ்மா அழுகையும் சிரிப்புமாய்க் கேட்டாள்.

"வரட்டும், ஓதி ஊதிட்டுப் படுப்பன். துணி கட்டக்கொள்ள உன்ட அந்தக் கொக்கி எழுத்த எழுது. அதுக்குப் பக்கத்தில தமிழ்ல என்ட பேரையும் எழுது. இனி ஆரும் வந்து தோண்டினா, அது ஆர்ட சாடி எண்டு தெரியட்டும்!"